விருந்தாளி கேட்ட களி

கொரோனா ஓய்ந்து, பள்ளிக்கூடங்கள் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த வருடம் அது. பென்னாகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் பக்கத்தில் குடிநீர்த் திட்டம் நடத்திக்கொண்டிருந்த ஒரு தொண்டு அமைப்பிலிருந்து போன் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு ஆலோசகர் வருகிறார், ஏரியூர்ப் பக்கம் ஒரு சிற்றூருக்கு அவரை அழைத்துப் போகிறோம், அவர் பேசுவதைத் தமிழிலும் ஊர்க்காரர்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மலை மாதிரிக் குவிந்து கிடக்கும் துணியிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? யோசிக்காமல் சரி என்றுவிட்டேன்.

வெளிநாட்டு ஆலோசகர் என்றதும் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரரைத்தான் மனதில் உட்கார வைத்திருந்தேன். ஜீப்பில் இருந்தவரோ கென்யாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். கணுக்கால் வரைக்கும் பூப்போட்ட பாவாடை, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. நான் ஏறி உட்கார்ந்து வணக்கம் சொன்னதும் சிரித்தார், சிரிக்கும்போதே கையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேர் அப்படித்தான் சிரிப்பார்கள். கடல் தாண்டி அங்கேயும் இந்தப் பழக்கம் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் போட்டு எடுக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குழந்தைப் பருவத்தில் அதைக் குடித்து வளர்ந்தால், பால்பல் விழுந்து முளைக்கிற பல்லில் காவிக்கறை ஏறியிருக்கும். என்ன தேய்த்தாலும் போகாது. பெண் பார்க்க வந்த இடத்தில், புகையிலை போடுகிற பெண்ணா என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அதற்காகத்தான் அந்தத் தொண்டு அமைப்பு முந்தைய வருடம் அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு ஃபில்டர் கொடுத்திருந்தது. மேல் அடுக்கில் தண்ணீரை ஊற்றினால், உள்ளே இருக்கிற மருந்து மணல் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழ் அடுக்கில் இறங்கும்.

போகிற வழியில் திட்ட அலுவலர் சிக்கலைச் சொன்னார். அவர் பக்கத்து ஊர்க்காரர், முப்பது வயதிருக்கும், நல்ல மனிதர்தான், ஆனால் அன்று நொந்து போயிருந்தார். ஃபில்டர் தண்ணீரைச் சோதித்தால் அருமையாக இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தால் ஃப்ளோரைடு குறையவே இல்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

“பொய் சொல்றாங்க மேடம். ஃபில்டர மூலைல போட்டுட்டு, நாம வர்றோம்னா தொடைச்சு எடுத்து வெக்கறாங்க” என்றார். இன்றைக்கும் காரணம் பிடிபடவில்லை என்றால், ஃபில்டர்களைத் திரும்ப எடுத்து வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவது என்று மேலிடத்தில் முடிவாம்.

அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தம்மா என்னிடம், இவர்கள் பொய் சொல்வார்கள் என்று நீ நினைக்கிறாயா என்று கேட்டார். வந்தவர் மனம் கோணக் கூடாது என்று எதையும் நல்லபடியாகச் சொல்வார்கள், அதற்குப் பெயர் பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். மறுபடியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

நாங்கள் போன வீட்டில் ஒரு அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு ஒன்பது வயது. எங்களைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். சின்னவளுக்கு இரண்டரை வயது, அரிசி அரிசியாகப் பால்பல். ஃபில்டரை ஒரு மேடை கட்டி அதன்மேல் வைத்திருந்தார்கள். மஞ்சள், குங்குமம் வேறு. எங்களுக்கு அதிலிருந்து சொம்பில் தண்ணீர் வந்தது. சின்னவள் கேட்டதும் பெரியவள் அதே குழாயைத் திறந்து அவளுக்கும் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைச் சட்டையில் ஊற்றிக்கொண்டது குழந்தை. மூலையில் போட்டு வைத்த சாமான் மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

அலுவலர் விடவில்லை. தினமும் பயன்படுத்துகிறீர்களா, உண்மையாகவா, சத்தியமாகவா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். இல்லையென்றால் ஃபில்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்றார். அந்த அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“பெத்தவ நானுங்க. எம்புள்ளைக்கு நானே வெசம் வெப்பனா? பெரியவ இஸ்கூல்ல போட்டோ எடுத்தா வாயத் தொறக்க மாட்டேங்கறா. இவளாச்சும் பல்லு தெரிய சிரிக்கோணும்னுதான இதக் கட்டிக்கிட்டு அழுவறேன். தூக்கிட்டுப் போறதுன்னா என்னையும் சேத்து வண்டில ஏத்துங்க!”

பேசும்போது அவருடைய பல்லையும் பார்த்தேன். அதே காவி. அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கென்யா அம்மா இந்தமுறை சிரிக்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் கோபமாக இருந்தாலும் சாப்பாடு சாப்பாடுதானே. கூடத்தில் இலை போட்டாயிற்று. வெள்ளைச் சோறு, கோழிக்குழம்பு, அவித்த முட்டை. எப்போது போனாலும் இதே விருந்துதான் என்றார் அலுவலர். அப்போது பின்கட்டிலிருந்து வாசம் வந்தது, கேழ்வரகு மாவு வேகிற வாசம். கென்யா அம்மா மூக்கை உயர்த்தி, அது என்ன என்றார்.

“அய்யோ, அது எங்களுக்குங்க. களி” என்றார் வீட்டு அம்மா.

அவர்களுக்கான சாப்பாடு என்று சொன்னேன். எனக்கு அதுதான் வேண்டும் என்றுவிட்டார் விருந்தாளி!

“என்னாங்க டீச்சர் இது? அவ்ளோ தூரத்துலிருந்து வந்தவங்களுக்குக் களி போட்டு அனுப்புனா ஊரு காறித் துப்பாதா? நீங்களாச்சும் சொல்லுங்க.”

நானும் அந்த மண்தானே? எனக்கும் அது மானப் பிரச்சினையாகத்தான் பட்டது. இலை போட்டாயிற்று, எழுந்தால் வருத்தப்படுவார்கள் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் கென்யா அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்கே போய்விட்டார்.

அங்கே வீட்டு அம்மாவின் ஓரகத்தி களி கிண்டிக்கொண்டிருந்தார். விருந்தாளி கையை நீட்டித் துடுப்பை வாங்கினார். பாவாடையை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு புரட்டு புரட்டினார் பாருங்கள், கட்டி தட்டாமல் அப்படியே சுழன்றது! அவர்கள் ஊரில் இதற்கு உகாலி என்று பெயராம். சோள மாவில் செய்வார்களாம், அவருடைய அம்மா பிறந்த பக்கத்தில் இதே கேழ்வரகிலும் உண்டாம். ஓரகத்தி வாயைப் பிளந்தார். “அட, நம்ம பொம்பளதான்டி!” என்று சிரிப்பு வெடித்தது. நான் மொழிபெயர்ப்பை மறந்து நின்றேன்.

களி கொஞ்சம் இறுகிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். ஓரகத்தி பக்கத்திலிருந்த நீல டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு ஊற்றினார். விருந்தாளியின் கை அப்படியே நின்றது.

இது எந்தத் தண்ணீர் என்று கேட்டார். போர் தண்ணீர் என்றார்கள்.

சின்னவள் என்னவெல்லாம் சாப்பிடுவாள் என்று கேட்டார். “காலைல கூழு, மத்தியானம் களி, ராத்திரி மிச்சக் களியக் கரைச்சு மோர் ஊத்திக் குடுப்பேன். தண்ணி எங்கீங்க குடிக்கறா, அர டம்ளர் எறங்குனா அதிசயம்” என்றார் அம்மா.

களிக்கு ஏன் ஃபில்டர் தண்ணீரை ஊற்றுவதில்லை என்று கேட்டதும், அந்த அம்மா எங்களைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து சுவரைக் காட்டினார். ஃபில்டரோடு கொடுத்த படம் அங்கே ஒட்டியிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு குழந்தை.

“குடிக்கத்தான சொன்னாங்க? மருந்துத் தண்ணிய அடுப்புல ஏத்துனா மருந்து முறிஞ்சி போயிடும்னு நாங்களே ஏத்தறதில்ல. போர்த் தண்ணிதான் கொதிக்குதுல்ல, கொதிச்சா கெட்டதெல்லாம் செத்துப் போயிடுமே?”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எட்டாம் வகுப்பு முதல் கிருமி, கொதிக்க வைத்தல் என்றுதானே படித்திருக்கிறோம். கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகப் போகும், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும் என்றார் கென்யா அம்மா. கேழ்வரகு மாவோ ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. குடிக்கிற அரை டம்ளர் சுத்தம், தின்கிற மூன்று வேளையும் போர் தண்ணீர்!

எனக்கு ஒரு கணம் பெரிய விடுகதை அவிழ்ந்த சந்தோஷம். வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப நாந்தான் ஊட்டி வுட்டனா டீச்சர்?”

இதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. கென்யா அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை நேரமும் வாயை மறைத்த கையை எடுத்து அந்த அம்மாவின் தோளில் போட்டார். பிறகு வாயைத் திறந்து காட்டினார். எங்கள் ஊர்ப் பல்லேதான். அதே காவி, அதே கோடு.

அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை தமிழில் சொன்னேன். அவர் சிறுமியாக இருந்தபோது, தண்ணீரைச் சரிசெய்கிறோம் என்று அவர்கள் வீட்டுக்கும் வெளியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்களாம். வரும்போதெல்லாம் அவருடைய அம்மா ஒரு கோழியை அடிப்பாராம். வந்தவர்கள் கோழி தின்று, நல்ல தண்ணீர் குடித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்களாம். வீட்டுப் பானையை ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. “தப்பு உன்னுடையது இல்லை. நீ சொன்னபடி செய்தாய். கேட்காமல் போனது நாங்கள்” என்றார். சின்னவளுக்கு உள்ளே பல் இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது, நேரம் போய்விடவில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா அழுதார்.

அலுவலர் ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். சுவர்ப் படத்தில் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு பானையும் அதில் செருகிய துடுப்பும் வரைந்தார் விருந்தாளி. களிக்கும் கூழுக்கும் போதுமான தண்ணீருக்கு வழி வீட்டு அம்மாதான் சொன்னார்: படுக்கப் போகும்போது மேலடுக்கை நிரப்பிவிட்டால் காலைக்குள் சொட்டி நிறைந்திருக்கும், அதை ஒரு குடத்தில் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் களிதான் தின்றோம், கோழிக்குழம்போடு. அலுவலர் அன்று மாலைக்குள் மற்ற வீடுகளுக்கும் போய் ஒவ்வொரு படத்திலும் ஒரு பானை வரைந்துவிட்டு வந்தார். ஃபில்டரைத் திரும்ப எடுக்கிற பேச்சே அதன்பின் வரவில்லை. திரும்பும்போது ஜீப்பில், “எங்க வூட்லயும் களிதான் மேடம் தெனமும். எனக்கே தோணலயே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். நான் அன்று காலை வீட்டில் கூழ் குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். சின்னவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முன்பற்கள் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. ஒன்றில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காவி இல்லை. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, “ஈ” என்று நன்றாகவே காட்டினாள்.

தாகமாக இருக்கிறது என்றேன். அந்த அம்மா ஃபில்டரைத் தாண்டிப் போய், நீல டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து நீட்டினார். நான் சொம்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“ஃபில்டர்ல எறங்குனது அவ களிக்கு வேணும் டீச்சர். ஒரு நாளு போர்த் தண்ணி குடிச்சா உங்க பல்லு ஒண்ணும் கொட்டிப் போயிடாது, குடிங்க!”

சின்னவள் வாயை மூடாமல் சிரித்தாள். நான் மடமடவென்று குடித்தேன். எத்தனையோ வீடுகளில் எனக்கு விருந்து போட்டிருக்கிறார்கள், ஆனால் யாருக்காவது யோசனை சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், எனக்கென்று தனியாக எதையும் எடுத்து வைக்காமல் வீட்டு ஆளாக நினைத்துக் கொடுத்த அந்தச் சொம்புத் தண்ணீர்தான் நினைவுக்கு வந்து, முதலில் அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று என்னைக் கேட்க வைக்கிறது.