தம்பி அடித்த வேட்டைக் கத்தி

சனிக்கிழமை வந்தால் என் தம்பிக்குக் கை சும்மா இருக்காது. தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வாரம் முழுக்க இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஈப்போவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து பின்வாசலில் இரும்பை அடிப்பான். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கு வாய்த்த நிம்மதி அது. "கடையில கத்தியே கிடைக்கலையாடா உனக்கு?" என்று கேட்டால், "கடைக் கத்தில வரி இருக்காதுலா அக்கா" என்பான்.

அவன் சொல்லும் வரி டமாஸ்கஸ் எஃகின் வரி. இரண்டு வகை எஃகுத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, வெண்காரம் தூவி உலையில் காய்ச்சி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்வரை சம்மட்டியால் அடிக்க வேண்டும். பிறகு நீட்டி, மடித்து, மறுபடியும் அடி. கடைசியில் அமிலத்தில் முக்கினால் ஒரு எஃகு கறுத்துவிடும், மற்றது வெளுப்பாகவே நிற்கும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் கூட்டாளி ஒருவருக்காக அப்படி ஒரு கத்தியில் இறங்கினான். மினுக்கெல்லாம் வேண்டாம், சம்மட்டி விழுந்த தழும்பு தெரியட்டும் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

வெளுப்பு எஃகுக்கு மரம் அறுக்கும் மில்லில் கழித்த ரம்பப் பட்டை கிடைத்தது. கறுக்கும் எஃகுக்கு என் ஸ்டோரைக் குடைந்தான். எங்கள் அப்பா கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்குவழக்கு பார்க்கும் பெரிய கிராணியாக இருந்தவர். தோட்டத்தை விற்றபோது எங்களோடு வந்த சாமான்கள் அவர் இறந்த பிறகும் அப்படியேதான் கிடந்தன. அதில் ஒரு சாக்குக்குள் நீளமான அரிவாள் ஒன்று இருந்தது. நுனி நன்றாக வளைந்து, உடம்பெல்லாம் துரு.

"காடு வெட்டற அருவாளா இருக்கும்," என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிரைண்டரில் வைத்துத் தீப்பொறியைப் பார்த்தவன், "நல்ல எஃகு அக்கா!" என்று குதித்தான். அன்றைக்கே துண்டு துண்டாக அறுத்துவிட்டான்.

நாலைந்து சனிக்கிழமைகள் கழித்துக் கத்தி நன்றாகவே வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். முதுகில் உலைக் கருகலை அப்படியே விட்டு, ரப்பர் மரத்தில் பிடி போட்டிருந்தான். வாய்ப்பக்கம் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடின. அதுவரை திட்டிக்கொண்டிருந்த நானே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எங்கள் பழைய தோட்டத்தில் பால்மரத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் வளர்ந்தவர். ஐம்பது வயது இருக்கும், ஆறடி ஆள், கோயில் கமிட்டித் தலைவர். தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு ஒருவழியாக வேறு இடம் கிடைத்துவிட்டதாம், கும்பாபிஷேகம் வரப்போகிறதாம். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாமி அருவாள எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் அக்கா. தோட்டம் வித்தப்போ ஒங்க அப்பாகிட்டதான் குடுத்து வச்சோம். கிராணி ஐயா வீடுதான் பத்திரம்னு."

எனக்கு அந்தச் சாக்கு ஞாபகம் வந்தது. அப்பா எங்களிடம் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்து வழி வந்த சைவக் குடும்பம். டவுன் முருகன் கோயில், தேவாரம், அதோடு சரி. லயத்துக் கோடியில் நின்ற முனியாண்டியைக் காருக்குள் இருந்து பார்த்ததுதான். லயத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அந்த அரிவாளைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். எங்கள் கண்ணுக்குத்தான் அது பழைய இரும்பாகப் பட்டிருக்கிறது. அதை நினைக்க வெட்கமாகவும் ஆத்திரமாகவும் வந்தது.

தம்பி உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து நடந்ததைச் சொன்னான். வந்தவர் கத்தட்டும், அவனை நாலு சாத்து சாத்தட்டும் என்று நான் நின்றேன். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது எனக்காக நேர்ந்துக்கிட்டது அக்கா," என்றார். "சின்னதுல எனக்குக் காய்ச்சல். பொழைக்க மாட்டான், வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. உசுரோட குடு, அருவா அடிச்சு வைக்கறேன்னு எங்கம்மா முனிகிட்ட அழுதாங்க."

ஒருவருடைய உயிருக்காகச் சாமிக்கு வைத்த பொருளை என் வீட்டுப் பின்வாசலில் போட்டு அறுத்திருக்கிறோம். "புதுசா ஒண்ணு அடிச்சுத் தர்றேண்ணே," என்று தம்பி உளறினான். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

அவர் கத்தியைக் கேட்டு வாங்கினார். "இதுல எது தம்பி என் அருவா?"

"கறுப்பு வரிண்ணே."

ஒரு கறுப்பு வரியின்மேல் விரலை வைத்து, பிடியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்.

"உருக்கிட்டீங்களா?"

"இல்லண்ணே. உருக்கினா வரியே வராது. காய்ச்சி அடிச்சு ஒட்டுனதுதான்."

"அடிக்கறப்ப எங்கயும் வெடிப்பு விடலயே?"

"விடலண்ணே."

கத்தியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் பக்கம் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்போ எனக்கு ஒண்ணும் ஆவாதுலா அக்கா?"

யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டவள் இல்லை நான். ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எழுந்து போயிருப்பார். எனக்கு வாய் வரவில்லை.