நீலாம்பரிக்கு முன்னால் ஓர் இருமல்

எந்தப் பென் டிரைவைக் கொடுத்தாலும் மணிமொழி அதை உடனே கணினியில் செருக மாட்டாள். உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, எதிரே பறக்கும் ரயில் பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கிற முகம். "இன்னா சார் அவசரம்? இப்பத்தான வந்துகீது. மூச்சு வாங்கட்டும்" என்பாள். என் பென் டிரைவுக்கு மூச்சு உண்டு என்று எனக்கு மந்தைவெளியில்தான் தெரிந்தது.

ரயில் நிலையத்துக்கு அருகே அவள் கடை. அவளைத் தவிர இரண்டு பேர் உட்கார்ந்தால் அடுத்தவர் தெருவில் நிற்க வேண்டும். பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டி. அரசாங்கம் வீட்டை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, தினமும் அங்கிருந்து பேருந்தில் வருகிறாள். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் ஏறியவுடன் தூக்கம். பிடிபடாத வேலை எதையும் அந்தத் தூக்கத்துக்குத்தான் ஒத்திவைப்பாள். "நாளைக்கு வாங்க சார். பஸ்ல பாத்துட்டு சொல்றேன்." இதைக் கேட்டு முதலில் நானும் சிரித்திருக்கிறேன்.

பிரிண்டர் முதல் மவுஸ் வரை எல்லாம் பார்ப்பாள் என்றாலும், அவளைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பூட்டிக்கொண்டவர்கள். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவைக்க ஒரு செயலி இருக்கிறது அல்லவா, அந்தப் பெட்டியைத் திறக்க முடியாதவர்கள். வெறும் பாஸ்வேர்டு போதாது என்று நினைக்கிறவர்கள், பென் டிரைவில் ஒரு கோப்பையும் அதற்குச் சாவியாக வைத்துக்கொள்ளலாம். புகைப்படமோ பாட்டோ எதுவானாலும் சரி. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். வாடிக்கையாளர் பாஸ்வேர்டை அடிக்கும்போது மணிமொழி நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். "பாத்தா மனசுல ஒட்டிக்கும் சார். அப்பால கனவுல வந்து தொல்ல குடுக்கும்."

என் பழைய மடிக்கணினியைச் சரி பார்க்கக் கொடுத்துவிட்டு நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில்தான் ஜானு மாமி வந்தார். மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். கழுத்தில் ஓர் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து மேல் ஸ்தாயி போய்விட்டது. பேசும்போதே குரல் கரகரத்தது. அதற்கு முன்பு பாடியதெல்லாம் இணையத்தில் ஒரு கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு பெட்டிக்குள். பழைய ஃபோன் நம்பரையும் விட்டுவிட்டதால் வேறு வழியில் உள்ளே போக முடியாது. பெட்டி திறக்காவிட்டால் அவருடைய பழைய குரல் அவருக்கே இல்லை.

"பாஸ்வேர்டை மறக்கலைம்மா. சரியாத்தான் அடிக்கறேன். திறக்க மாட்டேங்கறது."

"சாவிக்கு இன்னா வச்சிகிறீங்க மாமி?"

"நான் பாடின நீலாம்பரிதான். ஆபரேஷனுக்கு முந்தி ஆத்துல உக்காந்துண்டு ஃபோன்ல பதிஞ்சது."

மணிமொழி பென் டிரைவைத் தன் கணினியில் செருகிப் பார்த்தாள். பாட்டு அழகாக ஒலித்தது. கண்ணைச் செருக வைக்கிற ராகம், பிற்பகல் வேறு. ஆனால் பெட்டி அசைந்துகொடுக்கவில்லை. "டிரைவு நல்லாத்தான் கீது. பூட்டுதான் இத்த ஏத்துக்க மாட்டேங்குது. எனக்கு ஒண்ணும் புரில மாமி. நாளைக்கு வாங்க" என்று கையை விரித்துவிட்டாள். மாமியின் முகம் தொங்கிவிட்டது.

மறுநாள் நானும் போனேன். என் கணினி ஒரு சாக்கு. மாமி வந்து உட்காரும் முன்பே மணிமொழி கேட்டாள்: "மாமி, அந்தப் பாட்ட நீங்க எதுனா பண்ணீங்களா?"

"ஆரம்பத்துல ஒரு இருமல் இருந்தது. ஸ்ருதி சுத்தமா இருக்கற எடத்துல அது எதுக்கு? வெட்டி எடுத்துட்டு அதே பேர்ல சேவ் பண்ணிட்டேன். இப்போ எவ்வளவு நன்னா இருக்கு!"

மணிமொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐய, மாமி! அந்த இருமலும் சாவில ஒரு பல்லு. அத்தப் போய் ஒடச்சிகிறீங்களே!"

பாடுகிறவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். நானாக இருந்தால் இருமலை அப்படியே விட்டிருப்பேன்.

"அதுக்கப்பறம் இதுல எதுனா ஏத்துனீங்களா?"

"இல்லையே."

"அப்போ பொயக்க வழி கீது." பென் டிரைவில் எதை அழித்தாலும், அதே பெயரில் வேறொன்றை வைத்தாலும், பழையதற்குப் பெயர்தான் போகுமாம். மேலே வேறொன்று வந்து உட்காரும்வரை சங்கதி அடியில் கிடக்கும். அவள் பென் டிரைவை அப்படியே நகலெடுத்து, நகலில் தேட விட்டாள். பாலத்தில் ரயில் போனது. வெயில் சுவரில் மெதுவாக நகர்ந்தது.

பெயரில்லாத ஒலிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு தம்புரா. மாணவி ஒருத்தியின் சிரிப்பு. குக்கர் விசில். மாமியின் வீடு முழுவதும் அந்தச் சின்னக் கடைக்குள் வந்து இறங்கியது போல இருந்தது. நாங்கள் மூவரும் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. பிறகு ஓர் இருமல்.

"தோ வந்துச்சு!"

"இல்லை. இது ஜலதோஷத்து இருமல். வேற நாள்" என்றார் மாமி.

இன்னொன்று வந்தது. இருமலுக்குப் பின்னால், தூரத்தில், கொய்யாப்பழம் விற்கிறவரின் குரல். மாமி எழுந்தே நின்றுவிட்டார். "இதுதான்!"

மணிமொழி அதைச் சாவியாகக் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். மாமி ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.

"தொறந்துச்சா மாமி?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் மணிமொழி.

"திறந்துடுத்தும்மா!"

கணக்கு திறந்து, பழைய பாட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் மாமி எதையும் தொடவில்லை. "கேக்கறதுக்கு பயமா இருக்கு" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தட்டினார். எந்தப் பிசிறும் இல்லாமல் அந்தக் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறியது. மாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

தெருவிலிருந்து யாரோ, "ஒரு பிரிண்ட் அவுட் எடுக்கணுங்க, கொஞ்சம் அவசரம்" என்றார். மணிமொழி எழுந்துபோய், பட்டப்பகலில், சத்தம் வராமல் இரண்டு கையாலும் பிடித்து ஷட்டரைத் தரைவரை இறக்கினாள்.