எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பஸ்

என் அப்பாவை நான் அங்கிள் என்று கூப்பிட்ட காலம் உண்டு. கிள்ளான் நகரில் அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். நானும் அதே பஸ்ஸில்தான் போவேன். "பஸ்ல ஏறிட்டா நான் உனக்கு அங்கிள். மத்த பிள்ளைங்க எப்படிக் கூப்பிடுதோ அப்படியே கூப்பிடு" என்பது அவர் போட்ட சட்டம். முன் சீட்டும் எனக்குக் கிடையாது. அது வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு. ஒருநாள் நானும் வாந்தி வருகிற மாதிரி நடித்துப் பார்த்தேன். கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார். வந்த வாந்தி போன இடம் தெரியவில்லை.

அப்பா இப்போது இல்லை. அந்த மனுஷன் உழைத்த உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. விடிவதற்கு முன்பே தொழிற்சாலைப் பெண்களை வேலையில் இறக்கிவிட்டு வந்து, பஸ்ஸைக் கூட்டித் துடைத்துவிட்டு எங்களை ஏற்றுவார். காலைப் பள்ளி, மாலைப் பள்ளி, மறுபடி தொழிற்சாலை என்று வாரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வாழையிலைச் சாப்பாட்டுக்கு எங்களைத் தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப் போவார். அன்று கொமுட்டர் ரயில்தான். "இன்னிக்கு வேற எவனோ ஓட்டுறான், நான் சும்மா உட்கார்ந்து வரேன் லா" என்று சாய்ந்துகொள்வார். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் குறட்டை. அம்மாவுக்கு மானம் போகும். எனக்கென்னவோ அவர் தூங்குவதைப் பார்க்கப் பிடிக்கும்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. வீட்டு வாசலில் பெரியவர் யாராவது வந்து நிற்காமல் எந்தப் பிள்ளையையும் இறக்க மாட்டார். பின்னால் வரும் கார்க்காரர்கள் ஹார்னை அழுத்தித் தீர்ப்பார்கள். "அடிக்கட்டும். கை வலிச்சா அவனே நிறுத்திடுவான்" என்பார்.

பத்து வயதில் நான் நாலாம் ஆண்டு படித்தபோது ஒரு நாள் காலையிலிருந்து அடைமழை. மதியம் பஸ் நிறையப் பிள்ளைகளோடு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அம்மா போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"தண்ணி உள்ள வந்திருச்சுங்க."

எங்கள் வீடு பெரிய கால்வாயை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. தம்பி அப்போது கைக்குழந்தை. அவனைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்திருப்பதாக அம்மா சொன்னார்.

"பிள்ளைங்கள இறக்கிட்டு வந்துடுறேன்" என்றார் அப்பா. அம்மா "ம்" என்றதோடு போன் கட்டாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டும் போகவில்லை.

அடுத்த சிக்னலில் இடது பக்கம் திரும்பினால் எங்கள் தெரு. நான் எழுந்து முன்னால் ஓடினேன். "அப்பா, திருப்புங்க அப்பா!" சட்டமாவது ஒன்றாவது.

"இத்தனை பிள்ளைங்கள தண்ணிக்குள்ள கொண்டு போக முடியாது. போய் உட்காரு."

குரல் உயரவில்லை. பஸ் எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன்.

ஒவ்வொரு வாசலிலும் நின்றார். குடையோடு யாராவது வந்த பிறகே கதவைத் திறந்தார். எனக்கு ஒவ்வொரு குடையும் ஆமை வேகத்தில் வந்தது. கடைசியில் முதலாம் ஆண்டு படிக்கும் ஏழு வயதுப் பெண் ஒருத்தி மிஞ்சினாள். அவள் வீடு பூட்டிக் கிடந்தது. பெற்றவர்கள் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை. ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, அவளையும் வைத்துக்கொண்டே எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

மேட்டிலேயே பஸ்ஸை நிறுத்தினார். தெருவில் தண்ணீர் அவருக்கு முழங்காலுக்கு மேல், எனக்கு இடுப்பு வரை. அந்தப் பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டார். என்னிடம், "என் பெல்ட்ட இறுக்கிப் பிடி, விட்டுடாத" என்றார். பெத்த மகள் தண்ணீரில், யார் வீட்டுப் பிள்ளையோ தோளில்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்பா தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். வழியெல்லாம் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அம்மா மேசை மேல்தான் இருந்தார், தம்பியை மார்போடு அணைத்தபடி. தண்ணீர் மேசைக் காலில் பாதிக்கு ஏறியிருந்தது. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று அம்மா அவரை ஒரு பிடி பிடிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

அம்மா என்னைப் பார்த்தார். அப்பாவின் தோளில் நடுங்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். தம்பிக்கென்று மடியில் பத்திரமாக வைத்திருந்த காய்ந்த துண்டை எடுத்தார். அவளை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்:

"இவ அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா? பாவம், பயந்துகிட்டு இருப்பா."