பெயிண்ட் வைத்த பக்கம்

1. கை

புத்ராமின் கையைப் பார்த்த அன்றுதான் லைசென்ஸ் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது.

நான் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வேலை தெரிந்த சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு களஞ்சியம் தொடங்கினோம். எந்தப் பாறையைத் துளைக்க எந்த பிட், குழிக்குள் ஹேமர் சிக்கினால் எப்படி எடுப்பது, எல்லாம் அதில் இருக்கும். எங்களுக்கு எழுத வராது. போனில் பேசி அனுப்புவோம். முதலாளி மகள் கவிதா டைப் செய்து ஏற்றுவார்.

2. பெயிண்ட்

தொடங்கும்போதே கவிதா கேட்டார்.

"இத எடுத்து யாரு என்ன பண்ணலாம்னு மொதல்லயே சொல்லோணுங்கண்ணா. அதுதான் லைசென்ஸ். காப்பி மட்டும் எடுக்கலாம்னு சொல்லலாம். மாத்தவும் செய்யலாம்னும் சொல்லலாம். அப்பிடி மாத்துனவங்களும் அதே மாதிரி எல்லாத்துக்கும் தொறந்து உடோணும்."

பழனிச்சாமி அண்ணன் எங்களில் மூத்த டிரில்லர். "மாத்தறதா? எவனும் கை வெக்கப்படாது கண்ணு."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காற்று அடிக்கும் கம்ப்ரசரில் பிரஷர் செட் செய்தவர், திருகிய போல்ட்டின் மேல் ஒரு சொட்டு பெயிண்ட் வைப்பார். அதை வேறு யாரும் தொடக் கூடாது. எழுத்தையும் அப்படித்தான் நினைத்தோம். 'காப்பி எடுக்கலாம், மாற்றக் கூடாது' என்ற லைசென்ஸுக்கு எல்லோரும் கை தூக்கினோம்.

"பெயிண்ட் வெச்சாச்சு போ," என்று சிரித்தார் அண்ணன்.

பிறகு புத்ராம் வேலைக்கு வந்தான். சத்தீஸ்கர்க்காரன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். தமிழ் அரைகுறையாகப் பேசுவான், படிக்க வராது. கம்ப்ரசரின் காற்று ஹோஸைக் கழற்றும் முறை சொல்லும் பக்கம் இந்தியில் வேண்டும் என்று கேட்டான். எழுதித் தர அவன் ஊரில் ஆள் இருந்தது.

"மொழி மாத்தறதும் மாத்தறதுதானுங்க. நீங்க சரின்னு சொல்லோணும்," என்றார் கவிதா.

"இந்தியில என்ன எழுதறான்னு நான் எங்க கண்டேன்? பொறு கண்ணு, பாக்கலாம்," என்றார் பழனிச்சாமி அண்ணன்.

பொறுத்தோம்.

வாயால் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னோம். கம்ப்ரசர் சத்தத்தில், தமிழில்.

3. ஹோஸ்

ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டம். கம்ப்ரசரை நிறுத்திவிட்டுத் தோட்டக்காரரிடம் பேசப் போனேன். வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடினேன். ஹோஸ் எகிறி அடித்திருந்தது. புத்ராமின் வலது முன்கை நடுவில் மடங்கித் தொங்கியது. நான் அவனைத் தாங்கிப் பிடித்தேன். தோட்டக்காரர்தான் வண்டி எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பழனிச்சாமி அண்ணன் வந்தார்.

"ஏப்பா, கழட்டறதுக்கு முன்னால வால்வத் தொறந்து உள்ள நிக்கற காத்த உடோணும்னு மொத வரியிலயே சொல்லியிருக்கறனே!"

"அந்தப் பக்கத்துல போட்டோ பாத்தேண்ணா. போட்டோல காத்து மீட்டர் ஜீரோ. வண்டியிலயும் ஜீரோ. கழட்டினேன்."

"மொத வரி?"

"அது தமிழ்ண்ணா."

அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் மாற்றலாம் என்று லைசென்ஸைத் திருத்தச் சொன்னார். அதற்கு, எழுதிய எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றார் கவிதா. அண்ணன் ஆஸ்பத்திரிப் படியில் நின்றே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். கர்நாடகாவில் ரிக் ஓட்டும் ஒருவர் இழுத்தார்.

"நாளைக்கு எவனாச்சும் தப்பா மாத்திப்போட்டா?"

"தப்பா மாத்துனா திருத்திக்கலாம். இந்தக் கையத் திருத்தறக்கு வாரயா?"

அவரும் சரி என்றார்.

4. ஒரு வரி

இந்திப் பக்கம் வந்தது. அதில் புத்ராம் கூடுதலாக ஒரு வரி சேர்த்திருந்தான். அவனையே கேட்டு கவிதா தமிழில் சொன்னார்: "மீட்டர் முள் ஜீரோவில் சிக்கிக்கொள்ளும். நம்பாதே."

எங்கள் பக்கத்தில் அந்த வரி இல்லை. முள் சிக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"அதத் தமிழ்லயும் போட்டுரு கண்ணு," என்றார் அண்ணன். "அவம் பேர்லயே போடு."

புத்ராமின் விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. இப்போது வண்டியில் சமையல் பார்க்கிறான். அவன் ஊரிலிருந்து புதிதாக வருகிறவனுக்கு அந்த இந்திப் பக்கத்தை அவன்தான் படித்துக் காட்டுகிறான்.

போல்ட்டுக்கு இன்றும் பெயிண்ட் வைக்கிறோம். பக்கத்துக்கு வைப்பதில்லை.