தாலியில் கோத்த ரோமக் காசு

கண்டியில் பழைய நாணயங்கள் வாங்கி விற்கும் சிறிய கடை என்னுடையது. ஒரு நாள் அம்பிட்டியவிலிருந்து ஓர் அம்மா வந்து, தாலிக்கயிற்றில் கோத்திருந்த பொற்காசைக் காட்டினார். மாமியார் வழியாக வந்ததாம்.

"இது ரோமாபுரிக் காசுன்னு சொல்றாங்கய்யா. நெசம்னா வித்து, எங்க வீட்டுக்காரரை பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுவேன்."

கயிற்றோடு நீட்டிப் பிடித்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இலைமுடி சூடிய அரசனின் பக்கவாட்டு முகம். சுற்றிலும் தேய்ந்த லத்தீன் எழுத்துகள். வார்த்தெடுத்த போலிகளில் அந்த முகத்தின் கூர்மை வராது. அசல் என்றே கண் சொன்னது. ஆனாலும் நிறுக்காமல் நான் உறுதி சொல்வதில்லை. ஒருமுறை ஏமாந்தவன்.

"கழற்றித் தாங்கம்மா, நிறுக்கணும்."

"நெசம்னு சொல்லுங்க, கழட்டுறேன். அவரு உசிரோட கெடக்கையில, சும்மா நிறுத்துப் பாக்குறதுக்கா தாலியக் கழட்டுறது?"

"அப்படின்னா என்னால சொல்ல முடியாது" என்றேன், சற்றுக் கடுமையாகவே.

அடுத்த மாதம் மீண்டும் வந்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. காசை மேசையில் வைத்தார்.

"இப்ப நிறுத்துப் பாருங்கய்யா."

கண் சொன்னதையேதான் தராசும் சொன்னது. போலி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தவித்தேன். முடியவில்லை.

"அசல்தாம்மா."

அவர் அழவில்லை. "அன்னைக்கே நான் கழட்டியிருக்கணும்" என்றார்.

தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். இல்லையம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.