பச்சைத் தொப்பிக்காரரின் கை

கிரேன்காரர் ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம், நான்காவது மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தரைத்தள வீட்டுக்குக் குடிவந்ததுதான். காற்று வராது, கொசு வரும், தெருவில் போகிறவனெல்லாம் எட்டிப் பார்ப்பான் என்று மனைவி எத்தனையோ சொல்லிப் பார்த்தார். மனிதர் பிடித்த பிடியை விடவில்லை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம், தினம் நூற்று எண்பத்தாறு படி ஏறி, நூற்று எண்பத்தாறு படி இறங்கியவர். "இனிமே என் கால் ஒரு படி ஏறாது. கடைசியா என்னைத் தூக்கிட்டுப் போறப்பகூட சமதரையாப் பார்த்துத் தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். 

மற்றவர்களுக்கு ஓய்வு என்றால் ஈ ஓட்டுவது. இவருக்கோ திருவிழாவுக்கு வந்த பிள்ளை கதைதான். தரைக்கு வந்திருக்கிறார் அல்லவா! நாற்பது மீட்டர் உயரத்தில், காலடியில் கண்ணாடி பதித்த ஒரு பெட்டிக்குள் குனிந்தபடி உட்கார்ந்து, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர். அவர் கண்ட மனிதர்களெல்லாம் உச்சந்தலைகள்தான். சுழி, வழுக்கை, தொப்பி, இரண்டு தோள், அவ்வளவே. வீட்டுக்கு வந்தால் தூக்கம். எழுந்தால் மறுபடி படி. இப்போது பார்த்தால் எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் முழுசாக ஒரு முகம் இருக்கிறது.

"இங்க பாரு, மூக்கு எத்தனை தினுசுன்னு நீ என்னிக்காவது கவனிச்சிருக்கியா?" என்று ஒருநாள் காலையில் மனைவியிடம் கேட்டார். கேலியாக இல்லை, நிஜமான வியப்போடுதான் கேட்டார்.

"விடிஞ்சதும் விடியாததுமா மூக்கு ஆராய்ச்சியா? உங்க மூக்கை வெச்சுக்கிட்டு அடுப்புல பால் தீயுறதைக் கண்டுபிடிங்க, அது போதும்" என்று பதில் வந்தது. பால் நிஜமாகவே தீய்ந்திருந்தது.

முகம் பழகாத கோளாறும் இருந்தது. காய்கறிக் கடையில் ஒருவர் தோளைத் தட்டி, "என்ன மேஸ்திரி, கண்டுக்கவே மாட்டேங்கிறீங்க?" என்றார். நம் ஆள் திருதிருவென்று விழித்தார். அந்த மனிதர் கீழே விழுந்த எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குனிந்தாரோ இல்லையோ, "அட, ரெட்டைச் சுழி! நீயாப்பா?" என்று கட்டிக்கொண்டார். பதினோரு வருஷம் கீழே நின்று கயிறு கட்டிய ஆள். உச்சந்தலையைக் காட்டினால்தான் ஊர்ப்பட்ட உறவும் நினைவுக்கு வரும் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

காலை நடை, தெருமுனையில் நின்றபடியே ஒரு தேநீர், பத்து மணிக்கு வாசகசாலை, பதினொன்றுக்கு அதை ஒட்டிய பூங்காவின் சிமெண்டு பெஞ்சு. இதுதான் அவர் நாள். நின்று தேநீர் குடிப்பதில் அப்படி ஒரு சுகம் அவருக்கு. பெட்டிக்குள் நிற்க இடமே கிடையாது. வாசகசாலையில் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து "வீடு வாடகைக்கு" வரை படிப்பார். பூங்காவில் எறும்பு பார்ப்பார். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். ஆறு எறும்புகள் ஒரு பிஸ்கட் துணுக்கைத் தூக்கிக்கொண்டு போனால், "ஆறு பேரு பிடிச்சிருக்கான். ஒருத்தன்கூட சிக்னல் குடுக்கலை. சரக்கு சாயாமப் போகுது பாருங்களேன்!" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

விட்டுவந்ததில் ஒன்றே ஒன்றுக்குத்தான் மனம் ஏங்கியது. அது ஒரு கை.

கப்பலின் அடித்தட்டுக்குள் சரக்கை இறக்கும்போது மேலே இருப்பவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. கப்பல் விளிம்பில் ஒருவர் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, கையால் சைகை கொடுப்பார். அந்தக் கைதான் கண். உள்ளங்கை கீழே பார்க்க அழுத்தினால் இறக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளினால் நூல் அளவு. கை மூடி மணிக்கட்டை வெட்டினால் நிறுத்து. புரிந்தது என்பதற்கு மேலிருந்து இரண்டு மணி: டங், டங். பத்தொன்பது வருஷம் அவருக்குச் சைகை கொடுத்தவர் ஒரு பச்சைத் தொப்பிக்காரர். நிறுத்தச் சொல்லி வெட்டினதும் சுண்டுவிரல் மட்டும் முதலில் பிரியும், அது அவருக்கே உரிய பழக்கம். கீழே டன் கணக்கில் இரும்பு தொங்கும், அதற்கடியில் ஆள் நிற்பான். அந்தக் கையை நம்பித்தான் பத்தொன்பது வருஷமும் இறக்கினார். ஒருவனுக்கும் ஒரு கீறல் விழவில்லை.

ஆனால் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் இறங்கி வருவதற்குள் கீழ் ஆட்களின் வண்டி போய்விடும். ஒருநாள் பச்சைத் தொப்பி வரவில்லை; ஓய்வு பெற்றுவிட்டார் என்றார்கள்.

"பத்தொன்பது வருஷத்துல பேரைக்கூடவா கேட்டுக்கலை? நல்ல சிநேகம்!" என்று மனைவி இடித்துக்காட்டுவார்.

"கை இருந்துச்சு. பேரு எதுக்குன்னு இருந்துட்டேன்" என்பார் இவர். சொல்லும்போது முகம் சுருங்கிப்போகும்.

பூங்காவுக்குத் தினமும் ஒரு பெண் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒரு செருப்பில் வார் அறுந்து ஊசி குத்தியிருக்கும். பெரியவருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாய் கோணியிருக்கும். இடது கை மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கிரேன்காரர் ஒரு மாதமாகப் பார்க்கிறார். பாவம், நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எறும்புக்குத் திரும்பிவிடுவார்.

ஒரு புதன்கிழமை அவள் பெஞ்சருகே நாற்காலியை நிறுத்தினாள். "இன்னும் ரெண்டு நாள்தான் ஐயா இங்க வருவோம்" என்று அவளாகவே பேச்சைத் தொடங்கினாள்.

"ஏம்மா, வீடு மாத்துறீங்களா?"

"அப்பாவை வெள்ளிக்கிழமை முதியோர் ஹோம்ல சேர்க்கிறோம். நாலு மாசமாச்சு. பேச்சு போச்சு. நாம சொல்றதும் புரியலைன்னு டாக்டர் சொல்லிட்டார். அதைக்கூடத் தாங்கிக்கலாம் ஐயா. என்னைப் பார்த்தா மட்டும் கையால தள்ளித் தள்ளி போ, போங்கிறார். பெத்த பொண்ணுன்னே தெரியலை. தெரியாத ஒருத்தி குளிப்பாட்டினா என்ன, நர்ஸ் குளிப்பாட்டினா என்ன? அண்ணன் ஹோமுன்னு சொன்னதும் நானும் சரின்னுட்டேன்."

அவள் சொல்லும்போதே பெரியவரின் கை அவளை நோக்கி எழுந்து ஆடியது. "பார்த்தீங்களா?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

கிரேன்காரரும் பார்த்தார். விரட்டுகிற மாதிரிதான் தெரிந்தது. "மனசைத் தளர விடாதம்மா" என்று ஒப்புக்கு ஒன்றைச் சொன்னார். சொன்ன பிறகு, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் வாசகசாலைக்குப் போனால் வாசலிலேயே வெள்ளையடிக்கிற வாளியும் ஏணியும். மேசை நாற்காலி எல்லாம் மாடிக்குப் போயிருந்தன.

"பத்திரிகை மேலதான் சார், ஒரு வாரத்துக்கு" என்றார் நூலக அம்மாள்.

"நான் படி ஏறுறதில்லைம்மா."

"அப்ப ஒரு வாரம் கழிச்சு வாங்க. பழைய செய்தியா இருக்கும், பரவாயில்லையா?"

கிரேன்காரர் மாடிப்படியை ஒரு முறை முறைத்தார். பிறகு முனகிக்கொண்டே ஏறினார். இருபத்திரண்டு படி. முழங்கால் இரண்டும் சாபம் விட்டன. ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி, பழக்க தோஷத்தில் குனிந்து கீழே பார்த்தார்.

பூங்கா வாசலில் அந்தப் பெண் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தாள். மேலிருந்து தெரிந்தது ஒரு நரைத்த உச்சந்தலை, இரண்டு தோள், ஒரு கை. வாசலில் ஒரு சின்னப் படி உண்டு. அவள் அதை நெருங்கியதும் கை எழுந்தது. உள்ளங்கை கீழே பார்க்க, இரண்டு அழுத்து. சக்கரம் படியில் இறங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளின.

கிரேன்காரர் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இறக்கு. நூல் அளவு. அச்சுப் பிசகாமல் அதே சைகை! அடுத்து கை மூடியது, மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டியது. வெட்டின பிறகு சுண்டுவிரல் மட்டும் முதலில் பிரிந்தது. ஐயோ, அந்தச் சுண்டுவிரல்! உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் அப்படி நிறுத்தச் சொல்வார். அன்று வலது கை, இன்று இடது கை, அவ்வளவுதான் வித்தியாசம். அவளுக்கு முன்னால் சாக்கடை மூடி ஒன்று கம்பி பெயர்ந்து கிடந்தது. அவள் கவனிக்காமல் தள்ளினாள். முன்சக்கரம் மாட்டி, பெரியவர் ஒரு குலுங்கு குலுங்கினார். கை மடியில் விழுந்தது.

"நிறுத்தச் சொன்னாரே!" என்று கத்திவிட்டார் கிரேன்காரர். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பினார்கள்.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. போய் நின்றதும் மூச்சிரைக்கக் கேட்டார்: "அம்மா, உங்கப்பா துறைமுகத்துல வேலை பார்த்தவரா? பச்சைத் தொப்பி போடுவாரா?"

"ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்? வேலையைப் பத்தி வீட்டுல வாயே திறக்க மாட்டாரே!"

"அவருக்கு எல்லாம் தெரியுதும்மா. உனக்கு நாற்காலி தள்ளச் சொல்லிக் குடுத்துட்டே வர்றாரு. நாலு மாசமா!"

அவள் அப்பாவைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். நம்புவதா, இந்த மனிதருக்கும் ஏதாவது ஆகிவிட்டதா என்று குழம்பினாள். "இப்ப என்ன சொல்றார், சொல்லுங்க" என்றாள். பெரியவரின் கை ஆடிக்கொண்டிருந்தது. கிரேன்காரர் உற்று உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பக்கவாட்டில் அது மறுபடி வெறும் நடுக்கமாகத்தான் தெரிந்தது.

"கீழ நின்னா எனக்கு ஒரு எழுத்தும் புரியலைம்மா. பழக்கம் அப்படி. இரு, நான் மேல போயிட்டு வரேன்" என்று மறுபடி இருபத்திரண்டு படி ஏறினார். இந்த முறை முழங்கால் ஏதாவது சொன்னதா என்று அவர் கவனிக்கவில்லை.

ஜன்னலுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து இரும்புக் கம்பியில் தட்டினார். டங், டங்.

நரைத்த தலை விருட்டென்று நிமிர்ந்தது. கோணிய வாய், வெள்ளைப் புருவம், நனைந்த இரண்டு கண். பத்தொன்பது வருஷம் கண்ணாகப் பழகிய மனிதரின் முகத்தைக் கிரேன்காரர் முதல்முறையாக மேலிருந்து நேருக்கு நேர் பார்த்தார். ஒரு மாதமாகப் பூங்காவில் பார்த்த முகம்தான்; ஆனாலும் அப்படி ஒரு முகத்தை இதுவரை எங்கும் பார்த்ததில்லை போலிருந்தது. கும்பிடத்தான் தோன்றியது. கீழே கை எழுந்தது. இந்த முறை நடுக்கமே இல்லை.

"பின்னால இழும்மா... போதும். இடது பக்கம்... இன்னும்... நூல் அளவு... நேராப் போ!" கிரேன்காரர் சைகையைப் படிக்கப் படிக்க, அவள் தள்ளினாள். நாற்காலி சாக்கடை மூடியைச் சுற்றிக்கொண்டு, வேரில் தட்டாமல், நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வாயைப் பிளந்து நிற்க, மரத்தடிக்குப் போயிற்று. வாசகசாலை ஆட்கள் மொத்தமும் ஜன்னலில். நூலக அம்மாள்கூட யாரையும் அதட்டவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் கை மூடி வெட்டியது.

"நிறுத்து!"

அவள் நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பும் அழுகையும். முன்னால் வந்து, "அப்பா, என்னைத் தெரியுதாப்பா?" என்று குனிந்தாள். பெரியவரின் கை உடனே அவளைப் பார்த்து எழுந்து, தள்ளுகிற மாதிரி ஆடியது. அவள் முகம் செத்துவிட்டது.

"பாருங்க ஐயா, இதைத்தான் சொன்னேன். என்னை மட்டும் விரட்டுறார்."

கிரேன்காரர் ஜன்னல் கம்பியில் நெற்றி பதிய எட்டிப் பார்த்தார். விரல் அவளைக் காட்டியது. பெஞ்சைக் காட்டியது. உள்ளங்கை கீழே பார்க்க, இரண்டு அழுத்து. பிறகு ஒரு கிள்ளு. அவள் நகராததால், மறுபடி முதலிலிருந்து.

அவரும் மறுபடி முதலிலிருந்து படித்தார். சரக்கு எது என்று புரிய ஒரு கணம் ஆனது.

"விரட்டலைம்மா" என்றார். குரல் கீழே எட்டவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னார்: "விரட்டலை! இறக்கச் சொல்றாரு. மெதுவா இறக்கச் சொல்றாரு. உன்னைத்தாம்மா. நின்னுட்டே இருக்கியே, உட்காருங்கிறாரு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெஞ்சின் விளிம்பைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். கை மூடி வெட்டியது, சுண்டுவிரல் பிரிந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு அந்தக் கை ஆடவே இல்லை. அவள் மடியில் போய்க் கிடந்தது.

வெகுநேரம் கழித்து அவளுடைய போன் அடித்தது. நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அண்ணன் கேட்டிருக்க வேண்டும். வண்டி வேண்டாம் என்றாள். ஏன் என்று அவன் கேட்டான். எங்கே இருக்கிறாய், என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று அவன் பதறிப்போய்க் கேட்டது, போனை அவள் தள்ளிப் பிடித்திருந்ததால் மாடி வரைக்கும் கேட்டது.

"அப்பா உட்காரச் சொன்னார்ண்ணா" என்றாள். "உட்கார்ந்திருக்கேன்."