மூடியோடு ஒன்று, மூடி இல்லாமல் ஒன்று

ஊர்காவற்றுறையில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த தில்லைநாதனுக்கு இரண்டு விசயங்களில் பெயர் இருந்தது. றேடியோவுக்குள் எரிந்துபோன உறுப்பை மணத்தை வைத்தே சொல்லிவிடுவார். மற்றது, தீவுப் பகுதியில் மின்சாரக் கிற்றார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குச் சிங்களம் தெரியும் என்பது வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

நாற்பத்தியாறில் மாத்தறைக்கு அப்பால் ஒரு சிறு பட்டினத்தில் பிறந்தார். தகப்பனுக்கு அங்கே பலசரக்குக் கடை. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிந்தது. கப்பலில் ஏற்றி வடக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். கரையில் கால் வைத்ததும் தகப்பன் சொன்னது ஒன்றே ஒன்று: "இனி அந்தப் பாசை உன்ரை வாயிலை வரக்கூடாது." பன்னிரண்டு வயதுப் பையன் சரியென்று தலையாட்டினான். இருபத்தைந்து வருடமாக அந்த வாக்கு மாறவில்லை. வலது கை மட்டும் கிற்றாரில் அந்த ஊர்த் தாளத்தை மறக்காமல் வைத்திருந்தது.

கிற்றார் ஜப்பானில் செய்தது. கப்பலில் வேலை செய்த ஒன்றுவிட்ட தமையன் கதிர்காமு கொண்டுவந்து கொடுத்தது. தந்திகளுக்குக் கீழே அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்புகள், மேலே பளபளவென்ற உலோக மூடிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒரு சுருள் பிடிக்கும் இரைச்சலை மற்றது எதிர்ப்புறமாகப் பிடித்து அழித்துவிடும். தந்தியின் ஓசை மட்டும் மிஞ்சும். ஹம்பக்கர் என்று பெயர். மேடைக்குப் பக்கத்தில் மின்சாரத்துக்கு லைற் எஞ்சின் ஓடும் ஊரில் அது இல்லாமல் வாசிக்க ஏலாது.

எண்பத்தியிரண்டு நவராத்திரியில் அந்தக் கிற்றாரும் கும்பத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது. மனைவி சறோஜினிதேவி குத்துவிளக்கையும் செம்பையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, அதே கையோடு பிக்கப் மூடிகளையும் தேய்த்தாள். உப்புக் காற்றில் மங்கிக் கிடந்தவை விளக்கைப் போல மின்னின. தில்லைநாதன் கண்டதும் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார். புளித்தண்ணீர் திருகாணித் துளைகளால் உள்ளே இறங்கியது இருவருக்கும் தெரியாது.

மூன்று கிழமையில் முன் பிக்கப் ஊமையாயிற்று. பின்னது கரகரத்தது. கழற்றிப் பார்த்தார். தலைமயிரிலும் மெல்லிய செம்புக் கம்பி பச்சை பூத்து, தொட்ட இடத்தில் உதிர்ந்தது. பின் பிக்கப்பில் ஒரு சுருள் மட்டும் தப்பியிருந்தது. செத்த சுருளை விலக்கி, உயிருள்ளதை மட்டும் இணைத்து, அரித்துப்போன மூடிகளை எறிந்துவிட்டார்.

"நான்தான் பிழை விட்டனான்" என்றாள் சறோஜினிதேவி.

"சரஸ்வதிக்குத்தானே செய்தனீர். அவவிட்டைக் கேளும்."

அவள் சிரிக்கவில்லை.

தை மாதம் வேலணையில் ஒரு வாசிகசாலை ஆண்டு விழா. பின்னேரம் ஐந்து மணிக்கு முதல் பாட்டைத் தொடங்குமுன் கிற்றாரின் ஒலியைக் கூட்டினார். இரைச்சல் வந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. சிங்களம். அவசரமில்லாத, பெயர்ப் பட்டியல் வாசிக்கிற குரல்.

சனம் சிரித்தது. கொங்கோ மேளம் அடிக்கும் அரியநாயகம் ஒலிவாங்கியை இழுத்தான். "தில்லை அண்ணை, தனிச் சிங்களச் சட்டத்துக்கு உங்கட கிற்றாரும் பயந்திட்டுது."

இன்னும் சிரித்தார்கள். தில்லைநாதனும் சிரித்தார். அந்தக் குரல் சொன்னது இது: குறிகட்டுவான் துறை, நாளை, இரண்டாவது படகு, ஏழு பேர், ஒருவனுக்கு இடது கையில் கட்டு.

மறுநாள் குறிகட்டுவானில் இரண்டாவது படகிலிருந்து ஒருவனைக் கடற்படைக்காரர் இறக்கிக் கொண்டுபோனார்கள். இடது கையில் கட்டுப் போட்டவன். சந்தையில் மீன் வாங்க நிற்கையில் தில்லைநாதன் இதைக் கேட்டார். மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்தார்.

நீருக்கு அப்பால் ஒரு கடற்படை முகாம் இருந்தது. அதன் வயர்லெஸ் கம்பம் கடை வாசலிலிருந்தே தெரியும். ஒற்றைச் சுருளும் மூடியில்லாத கம்பியும் அங்கிருந்து வருவதைப் பிடிக்கின்றன என்று விளங்க அவருக்கு அதிக நேரம் செல்லவில்லை. வீட்டில் சோதித்தார். குரல் வந்தது காலை ஒன்பதுக்கும் பின்னேரம் ஐந்துக்கும். கிற்றாரின் கழுத்தைக் கடலுக்குக் குறுக்கே பிடித்தால் குரல் தெளிந்தது. நேரே நீட்டினால் மங்கியது.

நாலாம் நாள் மயில்வாகனம் வந்தான். சறோஜினிதேவியின் தம்பி. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் மோட்டார் வள்ளம் ஓட்டுகிறவன். அதில் சில நாட்களில் பெயர் கேட்கக் கூடாத இயக்க ஆட்களும் ஏறினார்கள். நெடுந்தீவுக்கு அப்பால் அவர்களை யார் ஏற்றுகிறார்கள் என்று அவனும் கேட்பதில்லை.

"அத்தான், உங்கட கிற்றாருக்கு வாய் வந்திட்டுதாம்."

"கொழும்பு வானொலி."

"வானொலியிலை எங்கட துறையின்ரை பேர் சொல்லுவினமோ? மேடைக்குக் கிட்ட நிண்ட பொடியனுக்கு அந்த ஒரு சொல் விளங்கினது. மிச்சம் உங்களுக்கு விளங்கியிருக்கும்."

தில்லைநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் குசினிக்குள் போனாள்.

"ஒவ்வொரு நாளும் கேளுங்கோ. என்ரை வள்ளத்தைப் பற்றிச் சொன்னால் மட்டும் எனக்குச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"நான் பாட்டுக்காரன், மயில்."

"அதுதான் கேக்கிறன். பாட்டுக்காரனை ஆர் சந்தேகப்படப் போகினம்?"

மாசியில் கதிர்காமுவின் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. தில்லைநாதன் முன்பே எழுதியிருந்தார். கிற்றாரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி, பிக்கப் குழியின் அளவையும் தந்தி இடைவெளியையும் எடுத்து அனுப்பியிருந்தார். அண்ணன் பதில் எழுதியிருந்தான்: "தம்பி, உன்ரை அளவுக்கு இரண்டு சாதி இருக்கு. ஒண்டு மூடி போட்டது, வயரின்ரை மேலுறையும் உலோகப் பின்னல். சத்தம் மென்மை. இரைச்சல் ஒரு சொட்டும் இல்லையாம். மற்றது மூடி இல்லாதது, சுருள் வெளியிலை தெரியும், சாதாரண வயர், கம்பிச் சுற்றும் அதிகம். பெடியள் எல்லாம் அதைத்தான் வாங்குறாங்கள், கத்தும் எண்டு. இருபதாம் திகதி கப்பல் வெளிக்கிடுது. எது எண்டு தந்தி அடி."

கடிதத்தை மேசையில் விரித்து வைத்துத் தில்லைநாதன் நெடுநேரம் இருந்தார். மூடி போட்டது என்றால் குரல் நின்றுவிடும். மற்றதென்றால், ஒரு சுருளின் இணைப்பை வெட்டி, இப்போது இருப்பது போலவே கேட்டுக்கொண்டிருக்கலாம். இருக்கிற சுருள் அடுத்த மழைக்குத் தாங்காது. எதையாவது ஒன்றைப் போடத்தான் வேண்டும்.

"எந்தச் சாமான் நல்லது?" என்று சறோஜினிதேவி கேட்டாள்.

"வாசிக்க, மூடி போட்டது."

"கேக்க?"

தில்லைநாதன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

இரண்டு நாட்களின் பின் கடைக்கு இருவர் வந்தார்கள். சாதாரண உடுப்பு. மூத்தவருக்குத் தமிழ் தெரியும், சற்று இழுத்துப் பேசினார். கையில் ஒரு சிறிய றேடியோ. அது பேசுவதில்லை என்று சொல்லி, பார்த்து வைக்கும்படி கேட்டார். தில்லைநாதன் பின்மூடியைத் திறந்தார். பழுது பெரிதில்லை. பற்றறிக் கம்பி ஒன்று கழன்றிருந்தது. கழன்ற கம்பியின் நுனி ஒடிந்திருக்கவில்லை, வெட்டியிருந்தது.

மூத்தவர் சுற்றிப் பார்த்தார். சுவரில் தொங்கிய கிற்றாரைப் பார்த்தார். பிறகு கூட வந்தவனிடம் சிங்களத்தில், மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருக்கிறான், இவன் என்னத்தைப் பார்த்துத் திருத்தப் போகிறான் என்றார்.

தில்லைநாதனின் கை கண்ணாடிக்குப் போனது. நூல் கட்டிய இடத்தைத் தொட்டது. தொட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. கையை அப்படியே உயர்த்திக் காதைச் சொறிந்தார்.

மூத்தவரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஆறுதலாச் செய்யுங்கோ. நான் பிறகு வாறன்" என்று தமிழில் சொன்னார்.

அவர்கள் போனதும் தில்லைநாதன் கடையைப் பூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனார். தந்தியில் ஆங்கிலத்தில் இரண்டே சொல். வித் கவர். தபால் அதிபர் வாசித்துப் பார்த்து, "என்ன, புத்தகமோ?" என்றார்.

"ஓம். புத்தகம்."

சித்திரை முடிவில் பொதி வந்தது. மூடி போட்ட இரண்டு பிக்கப்புகள், எண்ணெய்த்தாளில் சுற்றியவை. ஒரு பின்னேரம் இருந்து பூட்டினார். வயரின் உலோகப் பின்னலை, தந்திகளைத் தாங்கும் பாலத்தின் அடியில் பற்றவைத்தார். ஐந்து மணிக்கு ஒலியை முழுதாகக் கூட்டினார். ஒன்றுமில்லை. கிற்றாரின் கழுத்தைக் கடலுக்குக் குறுக்கே பிடித்தார். ஒன்றுமில்லை. ஒரு தந்தியை மீட்டினார். வட்டமான, துப்புரவான ஓசை எழுந்து அடங்கியது. தான் வாசித்ததிலேயே நல்ல ஓசை அதுதான் என்று அவருக்குப் பட்டது. நிறுத்திவிட்டார்.

மயில்வாகனம் ஞாயிற்றுக்கிழமை வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே பார்த்தான்.

"செவிடாக்கிப் போட்டியள்."

"பழசு செத்துப் போச்சு."

"மற்றச் சாதியும் கடையிலை இருந்ததாம். அக்கா சொன்னவ."

"என்னை வந்து பாத்திட்டுப் போட்டாங்கள், மயில். எனக்கு விளங்கும் எண்டு அவங்களுக்குத் தெரியும்."

"தெரியுமோ, நீங்கள் நினைக்கிறியளோ?"

"தெரியாது."

மயில்வாகனம் சாரத்தை மடித்துக் கட்டினான். "பரவாயில்லை அத்தான். இவ்வளவு நாளும் கேக்காமல்தானே ஓடினனான்." அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனான். சறோஜினிதேவி அதை எடுத்து முற்றத்தில் ஊற்றினாள். அதன் பிறகு நாலு மணி தாண்டினால் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவாள். ஐந்தடித்த பிறகு பார்க்க மாட்டாள்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க, அந்த இருவரும் வந்தார்கள். மூத்தவர் றேடியோவைக் கேட்கவில்லை. கிற்றாரைக் கையால் காட்டினார்.

"இது கதைக்கும் எண்டு சொல்லுறாங்கள். கேக்க ஆசை."

"அது பழுது. இப்ப திருத்தியாச்சு."

"பரவாயில்லை. போடுங்கோ."

அம்பிளிபயரைப் போட்டார். மூத்தவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணி. மூவரும் காது கொடுத்து நின்றார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கிற்றாரை வாங்கி மூத்தவரே கடற்பக்கம் திருப்பினார், குறுக்காக, சரியான கோணத்தில். ஒன்றும் வரவில்லை. விரலால் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல சாமான்" என்றார்.

வாசலில் குனிந்து சப்பாத்தை மாட்டும்போது, கூட வந்தவனிடம் சிங்களத்தில் சொன்னார். குரலைத் தாழ்த்தவில்லை. "அப்படியென்றால் இன்றைக்கே முடிப்போம். பன்னிரண்டு மணி நெடுந்தீவுப் படகு. மணல்திட்டுத் தாண்டிய பிறகு. ஒருவரும் திரும்பி வரத் தேவையில்லை."

நிமிர்ந்து தில்லைநாதனைப் பார்த்துத் தமிழில், "வாறம்" என்றார்.

இந்த முறை தில்லைநாதனின் கை அசையவில்லை. கிற்றாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர்கள் தெரு முனையில் திரும்பும் வரை அப்படியே நின்றார்.

பன்னிரண்டு மணிப் படகு மயில்வாகனத்தினுடையது. அது உண்மையாக இருக்கலாம். அவருக்காகவே சொன்ன பேச்சாகவும் இருக்கலாம். படகு போகாவிட்டால், போகாமல் விட்டது யாருடைய காது என்று அவர்கள் அறிந்துகொள்வார்கள். போனால், அவர்கள் சொன்னது உண்மையா என்பதை அவர் அறிந்துகொள்வார்.

வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றினார். சறோஜினிதேவி கிணற்றடியில் நின்றாள்.

"எங்கை?"

"மயிலிட்டை."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "நானும் வாறன்."

"வேண்டாம். நீர் நில்லும்." சற்றுப் பொறுத்து, "கிற்றாரை அரியநாயகத்திட்டைக் குடுத்துவிடும்" என்றார்.

ஊர்காவற்றுறை பஸ் அவரை வங்களாவடிச் சந்தியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் போகலாம், குறிகட்டுவானுக்கும் போகலாம். மணி பத்தரை. வெயில். மரத்தடியில், காலையில் மூத்தவரோடு வந்தவன் நின்று கச்சான் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். அவரைப் பார்க்கவில்லை. கோதுகளைக் கீழே போடாமல் பைக்குள் போட்டுக்கொண்டான்.

யாழ்ப்பாண பஸ் முதலில் வந்தது. இடம் இருந்தது. நடத்துநர் படியில் நின்று தில்லைநாதனைப் பார்த்தார். தில்லைநாதன் இல்லையென்று தலையை அசைத்தார். பஸ் போய்விட்டது.

குறிகட்டுவான் பஸ் வந்ததும் ஏறி முன்பக்கம் இருந்தார். மரத்தடியில் நின்றவன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏறி, இரண்டு இருக்கை பின்னால் இருந்தான். கச்சான் மணம் வந்தது.

"எவடத்துக்கு அண்ணை?" என்றார் நடத்துநர்.

தில்லைநாதன், பின்னால் இருந்தவனும் கேட்கும்படி, "குறிகட்டுவானுக்கு" என்றார்.